பாப்பாவின் முதல் ராட்டில்

அவர் பிரெஞ்சு படித்தது ஆசைப்பட்டு அல்ல. கல்லூரியில் சேரப் போன அன்று வேதியியலுக்கான வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. பிரெஞ்சுக்கு ஆளே இல்லை. அந்த மேசை ஒரு தூணின் நிழலில் இருந்தது. காலையிலிருந்து வெறும் வயிறு, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிழலில் போய் நின்றுவிட்டார். "நிழலுக்கு ஒதுங்கினேன், அப்படியே குடியிருந்துட்டேன்" என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலை கிடைத்தது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில். அதற்கு நேர் கீழ் மாடியில் பல் மருத்துவமனை. பல்லை ராவும் கருவியின் சத்தம் தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி முதுகுத்தண்டு வரை வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் தாடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்; அப்புறம் பழகிவிடும். ஆங்கிலத்தில் வரும் கையேடுகளைப் பிரெஞ்சில் எழுதித் தருவது அவருடைய பாடு. சலவை இயந்திரம், தண்ணீர் மோட்டார், மின்விசிறி, குழந்தைகளின் தள்ளுவண்டி. கதையோ கவிதையோ அந்த மாடிப்படி ஏறி வந்ததே இல்லை. பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல், அங்கே இருப்பவர்கள் எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பிரெஞ்சக்கா. வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள்கூட "பிரெஞ்சக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அங்கே அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, காதுக்காரர். வண்டி வாசலுக்குள் நுழையும்போதே, கையில் இருக்கும் தேநீர் டம்ளரைக் கீழே வைக்காமல், "லொடலொடங்குது பாரு, புகைக்குழாய் கிளாம்ப் கழண்டிருக்கு" என்பார். குனிந்து பார்த்தால் கழன்றிருக்கும்.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் பேச்சு அவ்வளவாக ஓடவில்லை. அவர் கிரீஸ் கையோடு வருவார், இவர் அகராதியோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏங்க, மோட்டார் ராட்டில் ஆனா உடனே நிறுத்தணும்னு இதுல போட்டிருக்கு. அது எந்த மாதிரிச் சத்தமா இருக்கும்?"

அவர் எழுந்து போய், காலி பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு நட்டைப் போட்டுக் குலுக்கிக் காட்டினார். "இதுவா?" அப்புறம் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினார். "இல்ல, இதுவா?" ஜன்னல் கதவைப் பிடித்து உலுக்கி, "காத்தடிச்சா இப்படி ஆகுமே, அதுவா?" என்றார். வீடே கடகடவென்று ஆடியது. கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து என்ன சண்டை என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் இருவரும் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ராட்டில் என்ற அந்த ஆங்கிலச் சொல் பிரெஞ்சக்காவை அன்றிலிருந்தே படுத்தியது. கெட்டியான ஒன்று இன்னொன்றுக்குள் கிடந்து குலுங்கினால் ஆங்கிலேயனுக்குப் போதும், ராட்டில் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். பிரெஞ்சுக்காரன் விடமாட்டான். குலுங்குவது எது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சாவி, சங்கிலி என்றால் கிளிக்தி. லொடக்கு வண்டி என்றால் ஓட்டை இரும்பின் சத்தம் என்று சுற்றி வளைத்துச் சொல்வான். கையில் பிடித்துச் சுற்றினால் கறகறவென்று கத்தும் மரக்கருவிக்குக் கிரெசெல். வாலை ஆட்டி மிரட்டும் பாம்புக்கு மணி என்ற சொல்லையே கொடுத்துவிட்டான். கெட்ட செய்தி கேட்டு ஒரு ஆள் ஆடிப்போனால் ஆங்கிலத்தில் அதற்கும் ராட்டில்தான், பிரெஞ்சில் அது வேறு வினை. கைக்குழந்தையின் கிலுகிலுப்பைக்கு ஓஷே. சளி கட்டிய நெஞ்சில் மூச்சு இழுக்கும்போது வரும் சத்தத்துக்கு ரால். சும்மா ரால் என்று எழுதினால், படிக்கிறவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாகிறவனின் நெஞ்சுதான்.

அந்தக் கடைசிச் சொல் பல வருடங்கள் அவருக்குத் தேவைப்படவே இல்லை. சலவை இயந்திரத்துக்கு ஏது நெஞ்சு?

காதுக்காரரின் நுரையீரலைப் பணிமனைப் புகையும் பிரேக் தூளும் மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தன. முதலில் மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். அப்புறம் வேலையை விட்டார். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. பிள்ளைகள் இல்லை. பகலில் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் வந்து பார்த்துக்கொள்வார், மற்ற நேரமெல்லாம் இவர்தான். படுத்தால் மூச்சு முட்டும் என்று அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருப்பார். அவர் தூங்காததால் இவரும் தூங்குவதில்லை. காலையில் பேருந்தில் உட்கார்ந்த மாத்திரத்தில் கண் செருகும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருவது வழக்கமாகிப் போனது. முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒருமுறை மருத்துவர் காதுக்காரரின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு பிரெஞ்சக்காவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"உள்ள ராட்டில் கேக்குதும்மா. இப்போதைக்கு மருந்துல அடங்கும். ஆனா இனிமே திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறக்கம்தான். நீங்க மனசைத் தயார் பண்ணிக்கணும்."

பிரெஞ்சக்கா தலையாட்டினார். உள்ளே போனபோது கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"சளிதாங்க. மருந்து மாத்திக் குடுத்திருக்காரு."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு எழுந்தார்.

இதற்குள் அலுவலகத்தில் வேலையின் போக்கே மாறியிருந்தது. இப்போதெல்லாம் கணினியே முதலில் மொழிபெயர்த்துவிடும், மனிதர்கள் அதைப் பார்த்துத் திருத்தினால் போதும். பிரெஞ்சில் இரண்டாவது கண்ணாக இருந்து சரிபார்த்தவர் வேலையை விட்டுப் போனார். அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. அங்கே இப்போது தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மருத்துவக் கையேடு வந்தது. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கானது. நெஞ்சுச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் கணினி கிளிக்தி என்று போட்டு வைத்திருந்தது. சாகக் கிடப்பவரின் மார்பில் சாவிக்கொத்து குலுங்குவது போல இருந்தது படிக்க. பிரெஞ்சக்கா ஒவ்வொன்றாகத் திருத்தப் பார்த்தார், முடிகிற பாடாக இல்லை. கடைசியில் கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்தார்: ராட்டில் என்று வந்தால் இனி ரால் என்று போடு. இந்தக் கையேட்டுக்கு மட்டும் என்று ஒரு சின்னக் கட்டத்தில் குறி வைத்திருக்க வேண்டும். வைக்க மறந்துவிட்டார்.

அடுத்து வந்தது ஒரு பொம்மை நிறுவனத்தின் பெட்டியில் அச்சிட வேண்டிய வாசகம். மொத்தமே நாலைந்து வரி. மேலே பெரிய எழுத்தில் 'பாப்பாவின் முதல் ராட்டில்'. அதற்குக் கீழே எச்சரிக்கைகள். டீச்சரிடமிருந்து அழைப்பு வந்திருந்தது, காதுக்காரருக்கு மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது, சீக்கிரம் வரச் சொல்லி. பிரெஞ்சக்கா பையைத் தோளில் மாட்டியபடியே அந்த நாலைந்து வரியையும் ஓட்டிப் பார்த்தார். எழுத்துகள் தெரிந்தன, சொல் தெரியவில்லை. சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டு ஓடினார்.

அன்றைய திணறல் மருந்தில் அடங்கிவிட்டது. பெட்டிகள் அச்சாகி, பொம்மைகள் உள்ளே போய், கப்பலுக்குக் காத்திருந்தபோது, பிரெஞ்சு நாட்டில் அவற்றை வாங்குகிற நிறுவனத்தின் பெண்மணி ஒருவர் மாதிரிப் பெட்டியின் படத்தைப் பார்த்திருக்கிறார். அலுவலக மேலாளர் முப்பது வயதுப் பெண். பிரெஞ்சக்காவிடம் எப்போதும் மரியாதையாக இருப்பவர். அன்று அவர் கைபேசியை நீட்டியபடி வந்து பக்கத்தில் நின்றார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. அந்தம்மா போன்ல ஒரே கத்தல். எனக்குப் பாதி புரியல."

பிரெஞ்சக்கா படத்தைப் பார்த்தார். மஞ்சள் பெட்டி, சிரிக்கும் குழந்தை, மேலே தடித்த எழுத்து.

"பாப்பாவின் முதல் கிலுகிலுப்பைன்னு வரணும்."

"வந்திருக்கறது?"

"சாகறப்போ நெஞ்சுல இழுக்கும்ல, அந்தச் சத்தம். பாப்பாவோட முதல்..." அவர் முடிக்கவில்லை.

மேலாளர் தண்ணீர் பாட்டில்களைத் தள்ளிவிட்டு அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"மெஷின் போட்ட தப்புன்னு எழுதிடவா? இப்ப எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க."

"மெஷின் நான் சொன்னதைத்தாம்மா கேட்டுச்சு."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா ஒரு பொய் சொன்னா அதைக் கடைசி வரைக்கும் ஞாபகம் வச்சுக்கணும். வீட்ல ஏற்கெனவே ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். இன்னொன்னுக்குத் தெம்பு இல்ல."

மேலாளருக்கு அந்த வீட்டுப் பொய் என்னவென்று புரியவில்லை. தவறு எங்களுடையது, எங்கள் ஆட்களே வந்து சரிசெய்து தருகிறோம் என்று எழுதி அனுப்பினார். சரியான சொல்லை ஒட்டுத்தாளில் அச்சடித்து, பெட்டி பெட்டியாகத் திறந்து ஒட்டுவது என்று முடிவானது. அலுவலகம் விடுமுறையாக இருக்கும் நாளில் கிடங்குக்குப் போய் ஒட்ட வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து டீச்சர் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பிரெஞ்சக்கா என்ன செய்வதென்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, காதுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பறீங்க?"

"உன்கூடத்தான். நாலு சுவத்தையே எவ்வளவு நாள் பாத்துட்டு இருக்கறது? ஒட்டறதுக்கு ஆள் வேணும்ல?"

"அங்க தூசியா இருக்கும்ங்க."

"தூசி எனக்குப் புதுசா?"

வாதாடத் தெம்பில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். அலுவலக வேன் வந்தது. சக்கரம் வைத்த சின்ன ஆக்சிஜன் உருளையை வேன்காரர் தூக்கி உள்ளே வைத்தார். வண்டி கிளம்பியதும் காதுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பின்னாடி இடதுபக்கம் ஒரு போல்ட்டை இறுக்கு தம்பி" என்றார். வேன்காரர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டினார்.

கிடங்கு தகரக் கூரை போட்டது. உள்ளே புது அட்டையின் வாசனையும் வெக்கையும். மஞ்சள் பெட்டிகளைப் பெரிய அட்டைப்பெட்டிகளில் போட்டு உத்தரம் வரை அடுக்கியிருந்தார்கள். எந்த அட்டைப்பெட்டியை நகர்த்தினாலும் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான கிலுகிலுப்பைகள் ஒன்றாகக் கலகலத்தன. முதல் தடவை அந்தச் சத்தம் எழுந்தபோது பிரெஞ்சக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு பழகியது.

கதவோரம் காற்று வரும் இடத்தில் காதுக்காரருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் ஒட்டுத்தாளின் பின்பக்கத்தை உரித்து உரித்துக் கொடுத்தார். மேலாளரும் பிரெஞ்சக்காவும் ஒட்டினார்கள். வேன்காரர் பெட்டிகளை மாற்றி அடுக்கினார். மத்தியானம் தாண்டியும் பாதி முடியவில்லை. முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

காதுக்காரர் ஒரு பொம்மையை எடுத்துக் காதருகில் ஆட்டினார். "உள்ள மணி ரொம்பக் கம்மி. அழுகுற புள்ள இதுக்கெல்லாம் அடங்காது" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆமா, இந்தத் தாளை ஒட்டி மறைக்கிறோமே, அது என்ன வார்த்தை?"

"தப்பான வார்த்தைங்க."

"அது தெரியுது. சரியா இருந்தா எதுக்கு மறைக்கப் போறோம்? அர்த்தம் என்னன்னு கேக்கறேன்."

மேலாளர் முந்திக்கொண்டார். "இருமல் மாதிரி ஏதோ சார்."

"பாப்பாவின் முதல் இருமலா?" காதுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் இழுப்பாக மாறியது. பிரெஞ்சக்கா முதுகைத் தடவி விட்டார். அடங்க வெகுநேரம் ஆனது. மேலாளர் தேநீர் வாங்கி வருவதாகச் சொல்லி, வேன்காரரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

பிரெஞ்சக்கா ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப உங்க நெஞ்சுல கேட்டுச்சுல்ல. அந்தச் சத்தம்ங்க."

அவர் உரித்த தாளை விரல் நுனியில் ஒட்ட வைத்தபடி இருந்தார். "பிரெஞ்சுக்காரன் இதுக்குன்னே தனியா ஒரு வார்த்தை வச்சிருக்கானா?"

"ஆமா. சாதாரணச் சளிக்கும் சொல்லுவாங்க. ஆனா..."

"ஆனா?"

"கடைசில வர்றதுக்கும் அதான்."

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. அவர் அதைக் கவனித்துவிட்டு இவரிடம் திரும்பினார்.

"அன்னிக்கு டாக்டர் உன்ன வெளிய கூப்பிட்டு இதத்தான் சொன்னாரா?"

"ஆமாங்க."

"நீ சளின்னு சொன்ன."

"சொன்னேன்."

"வாழ்நாள் பூரா சத்தத்தைக் கேட்டுத்தாம்மா சோறு தின்னேன். என் நெஞ்சு போடற சத்தம் எனக்குக் கேக்காதா? நீ சளின்னு சொன்ன. சரி, அவளுக்குச் சளியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பிரெஞ்சக்காவுக்கு அழுகை வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. தலைச்சுமையை யாரோ ஒரு பக்கமாகப் பிடித்துக் கீழே இறக்கி வைத்தது போல இருந்தது. கழுத்து மட்டும் வலித்தது.

"அப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டு இருந்திருக்கோம்" என்றார்.

"ஏமாத்தி என்ன கண்டோம்? ரெண்டு பேருமே தூங்கல."

இருவரும் அடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்தார்கள். அவர் உரிக்க, இவர் ஒட்டினார். வேலை நடுவிலேயே அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், கடைக்குப் போகிறவளிடம் வாங்க வேண்டியதைச் சொல்வது போல.

"என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாத. அங்க ஒரு மெஷினும் ஒழுங்கா ஓடல. கேக்கவே எரிச்சலா வருது."

"சரிங்க."

"ராத்திரிக்கு ஒரு நர்ஸம்மாவை வைக்கலாம்னு டீச்சர் எப்பவோ சொன்னாங்க. நீதான் வேணாம்னுட்ட."

"வேத்து ஆள் கை பட்டா உங்களுக்குப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். நீ வேன்ல தலை தொங்கித் தூங்கினத பாத்தேன். அது அதைவிடப் பிடிக்கல."

தேநீர் வந்தது. நாலு பேரும் குடித்தார்கள். வேன்காரர், போல்ட்டை இறுக்கிவிட்டதாகச் சொன்னார். பொழுது சாயும் நேரத்தில்தான் கடைசிப் பெட்டி முடிந்தது.

பொம்மை நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. இனி இரண்டு பேர் பார்க்காமல் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது என்று மட்டும் கறாராக எழுதியது. மேலாளர் அதைச் சாக்காக வைத்து ஒரு சரிபார்ப்பவரை வேலைக்கு எடுத்தார். தண்ணீர் பாட்டில்கள் மூலைக்குப் போயின. வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா வந்தார், நிறையப் பேசுகிறவர். காதுக்காரர் அவரைப் பற்றி ஒவ்வொரு காலையும் புகார் சொன்னார். ஆனாலும் அவர் கொடுத்த மருந்தைக் குடித்தார். பிரெஞ்சக்கா பக்கத்து அறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அசந்து தூங்கினார்.

குளிர்காலம் தொடங்கிய பிறகு, ஒரு முற்பகலில் காதுக்காரர் போனார். நர்ஸம்மா கிளம்பிவிட்டிருந்தார். பிரெஞ்சக்கா ஈரத்துணியால் அவருடைய உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சில் அந்தச் சத்தம் காலையிலிருந்தே இருந்தது. எந்த மொழியிலும் எந்தச் சொல்லும் இவருக்குத் தோன்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கதாங்க இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் இடைவெளி விட்டு விட்டு வந்து, அப்புறம் நின்றது. ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஓடியது. டீச்சர் வந்து, இவருடைய தோளைத் தொட்டுவிட்டு, அதை நிறுத்தினார்.

சில வாரங்கள் கழித்து பிரெஞ்சக்கா வேலைக்குத் திரும்பினார். சரிபார்ப்பவர் எழுந்து நின்றார். முடித்து வைத்திருந்த பக்கங்களைக் காட்டினார். பிரெஞ்சக்கா தலையாட்டினார். கணினியைத் திறந்தார். ஏதோ தண்ணீர் சூடாக்கும் கருவியின் கையேடு காத்திருந்தது. முதல் பக்கத்தைப் படித்தார். மறுபடியும் அதையே படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மடக்கிய கைகளின் மேல் தலையைச் சாய்த்தார்.

மேலாளர் தன் அறையிலிருந்து அதைப் பார்த்தார். எழுந்து வந்து, அந்தப் பக்கத்து விளக்கை மட்டும் அணைத்தார். மேசை மேல் கிடந்த பிரெஞ்சக்காவின் கைபேசியை எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோய், வந்த அழைப்புகளுக்கெல்லாம் தானே பதில் சொன்னார்.